சித்திரகவிகளும் கணினி அச்சுக்கோப்பும்



அழைப்பிதழில் என் தலைப்பைக் கண்ட அன்பர் ஒருவர், ‘அம்மா, இது தமிழ்த்துறைக்கு உரியதா, கணினித்துறைக்கு உரியதா?’ என்று வினவினார். இரண்டிற்கும் அன்று, அச்சுக்கூடத்திற்கு உரியது என்பதே என் விடை. ஏட்டிலிருந்து நூல் அச்சுக்கு ஏறும் வழியில் தமிழ் எவ்வளவு இழந்தது, எவ்வளவு மீண்டது என்பதனை அறியாமல் பதிப்பைப் பற்றிப் பேச இயலாது. அவ்விழப்புகளுள் ஒன்று சித்திரகவி. அதனை மீட்பதற்கு இன்று எளியதொரு வழி இருக்கிறது. அதனைச் சொல்லவே இங்கு நிற்கின்றேன்.

ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் எனக் கவியை நால்வகைப்படுத்தினர் நம் முன்னோர். அவற்றுள் சித்திரகவி சொல்லால் மட்டும் நிற்பதன்று. அதற்கு ஓர் உருவமும் வேண்டும். தேராகவும் முரசாகவும் தாமரையாகவும் பின்னிப் பிணைந்த பாம்பாகவும் வரைந்த கோடுகளின் வழியே எழுத்துகள் நிரல்பட நிற்கும். கோடு செல்லும் வழியே பாட்டைப் படிக்கும் வழி. 12ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்பெறும் தண்டியலங்காரம் இதனைச் சொல்லணியியலில் வைத்துப் பேசுகிறது. நம் பொருநைக் கரையிலேயே, ஆழ்வார்திருநகரியில் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருக்குருகைப் பெருமாள் கவிராயர், தம் மாறனலங்காரத்துள் இதற்குப் பெரியதோர் இடம் தந்துள்ளார். பரிதிமாற்கலைஞரும் (1870–1903) சித்திரக்கவி விளக்கம் எனத் தனிநூல் ஒன்று இயற்றினார். ஆதலின் இது நமக்கு அயலார் சரக்கன்று.

இதனை மிறைக்கவி என்றும் கூறுவர். மிறை என்பது வருத்தம். பாடுவோர்க்கும் வருத்தம், படிப்போர்க்கும் வருத்தம். அச்சுக்கோத்தவர்க்கு நேர்ந்த வருத்தத்தை மட்டும் எவரும் எழுதிவைத்திலர். மறைக்காமல் சொல்வதாயின், இவற்றுள் பெரும்பாலானவை உயர்ந்த கவிதை அல்ல என்பதே என் கருத்து. எழுத்துக்கு எழுத்து கட்டுண்ட பாட்டில் உணர்ச்சி ஓடுவதற்கு இடம் குறைவு. ஆயினும் ஒரு பாட்டு சிறந்ததா அன்றா எனத் துணிவதற்கு முன்னர், அது பாடிய வண்ணம் நம் கண்முன் நிற்க வேண்டும் அன்றோ?

நாகபந்தத்தையே எடுத்துக்கொள்வோம். இரு பாம்புகள் ஒன்றையொன்று தழுவிப் பிணைந்திருக்கும். ஒவ்வொரு பாம்பின் உடலிலும் ஒவ்வொரு வெண்பா செல்லும். பாம்புகள் குறுக்கிடும் சந்திகளில் நிற்கும் எழுத்து ஒன்றே. ஆனால் அது இரு வெண்பாக்களுக்கும் பொது. ஒரு பாம்பு தன்னைத்தானே குறுக்கிடும் இடத்தில் நிற்கும் எழுத்து, அதே பாட்டில் இருமுறை படிக்கப்படும். கவிஞனின் திறமெல்லாம் அச்சந்திகளில்தான் இருக்கிறது. படத்தை நீக்கிவிட்டு இரு வெண்பாக்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டால் எஞ்சுவன இரண்டு சுமாரான வெண்பாக்களே.

1586இல், பொருநை கடலொடு கலக்கும் புன்னைக்காயலில், அன்றிக்கு அடிகளாரின் அடியார் வரலாறு அச்சேறிய நாள்தொட்டுத் தமிழ் அச்சு நேர்வரியின் அச்சாகவே வளர்ந்தது. ஈய எழுத்துகளைக் கோத்து, சட்டத்துள் இறுக்கி, மை தடவி அழுத்தும் முறையில் வளைந்த வரிக்கு இடமில்லை. ஆதலின் பந்தங்களுக்கு மரக்கட்டையில் செதுக்கிய அச்சும், பின்னர்த் துத்தநாகத் தகட்டில் செய்த பிளாக்கும் பயன்பட்டன. படத்திலுள்ள எழுத்துகளை ஓவியர் கையால் எழுதினார். ஓவியர்க்கு யாப்புத் தெரிந்திருக்க வேண்டும் என்னும் கட்டாயமில்லை. பிளாக் வந்தபின் ஓரெழுத்துப் பிழையாயின் தகட்டையே மாற்ற வேண்டும். அச்செலவுக்கு அஞ்சிப் பிழைதிருத்தப் பட்டியலில் ஒரு வரி சேர்த்து முடித்துக்கொண்டதும் உண்டு.

கணினி வந்தபின் இது தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் வேறொரு வகையில் மோசமாயிற்று. என் மேற்பார்வையில் ஆய்வு செய்த மாணவி ஒருவர், தம் ஆய்வேட்டில் இடம்பெறும் பந்தங்களை ஒரு தட்டச்சு நிலையத்தில் வரையக் கொடுத்தார். பாம்பு அழகாக வந்தது. ஆனால் ஒரு சந்தியில் ‘னை’ நிற்க வேண்டிய இடத்தில் ‘ளை’ நின்றது. திருத்தித் தரக் கேட்டதற்கு, ‘எழுத்தையெல்லாம் கோடாக மாற்றிவிட்டோம், இனித் தொட முடியாது’ என்றனர். அச்சகத்துக் கணினியில் அதே எழுத்துரு இல்லாவிடில் எழுத்துகள் சிதைந்துபோகும் என்னும் அச்சத்தால், அச்சுத்தொழிலில் எழுத்தை வெறும் வளைகோடாக மாற்றி அனுப்புவது வழக்கம். விளம்பரத் தாளுக்கு அது தகும், பதிப்புக்குத் தகாது. கோடாக மாறிய ‘னை’ கண்ணுக்கு எழுத்தாகத் தோன்றினும் கணினிக்கு அது சில சுழிகளே. அதனைத் தேடவும் இயலாது, திருத்தவும் இயலாது, வேறு எழுத்துருவில் மாற்றவும் இயலாது.

பழம்பதிப்பின் பக்கத்தைப் படமெடுத்து அப்படியே ஒட்டும் முறையும் குறையுடையதே. 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய நூல்களில் ‘லை’, ‘ணை’, ‘றா’ முதலியவை பழைய வடிவில் இருக்கும். கீழே விளக்கவுரை புதிய வடிவிலும் மேலே பந்தம் பழைய வடிவிலும் இருப்பின் இளம் மாணவர் இரண்டிற்கும் நடுவே தடுமாறுகின்றனர். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற அரும்பணிகளால் நம் நூல்கள் மின்னெழுத்தாயின. எனினும் வெறும் எழுத்துக் கோப்பில் பாட்டு நிற்குமேயன்றிப் பாம்பு நில்லாது.

வேண்டுவது யாதெனில், படம் படமாக இருத்தல் வேண்டும். அதனுள் இருக்கும் எழுத்து எழுத்தாகவே இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே தருவது, வரைபடத்தை அச்சுக்கோப்புக் கட்டளைகளாக மாற்றும் முறை.

கட்டளையால் படம் வரைதல் நம் வீட்டுப் பெண்டிர்க்குப் புதிதன்று. மார்கழியில் ஒரு கோலத்தை அடுத்த தெருவுக்கு எப்படிச் சொல்லி அனுப்புகிறோம்? ‘பதினைந்து புள்ளி, எட்டில் முடியும், இடைப்புள்ளி’ என்கிறோம். இவ்வளவு சொன்னால் புள்ளிச்சட்டம் முழுதும் கேட்பவர் வாசலில் விழுந்துவிடும். இழையைச் சுற்றுவதற்கு மேலும் சில சொற்கள் போதும். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோன்மணியும் ராணி சிரோன்மணியும் கமலா கிருத்திவாசனும், கோலங்களுக்கு இலக்கணவிதி வகுத்து 1974இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். கணினி அறிவியலார் இன்றும் எடுத்துக்காட்டும் ஆய்வு அது. கோலமிடும் மகளிரின் கைக்கணக்கில் இலக்கணம் இருப்பதைக் கண்டவர்கள் தமிழ்நாட்டுக் கணித அறிஞர்கள் என்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு.

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு நூத், தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த மெய்ப்பின் அழகின்மை கண்டு பொறாது, 1970களின் இறுதியில் டெக் என்னும் அச்சுக்கோப்பு மொழியை ஆக்கினார். அதன்மேல் எழுந்த லேடெக் உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் வழங்குகிறது. இதில் பக்கத்தைக் கண்ணால் பார்த்து இழுத்து வைப்பதில்லை. ‘இது தலைப்பு’, ‘இது அடிக்குறிப்பு’ என எழுத்தாலேயே கட்டளை இடுகிறோம். தமிழுக்கும் இதற்கும் உறவு பழையது. 1990களின் தொடக்கத்திலேயே வாசிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து டெக்கிற்குரிய தமிழ் எழுத்துரு ஒன்று வெளிவந்தது. நம் பொதிகைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில், 2002 செப்டம்பரில், டெக் பயனாளர்களின் உலக மாநாடே நடைபெற்றது. 2004இல் வெளிவந்த ஸீடெக், கணினியில் உள்ள எந்த ஒருங்குறித் தமிழ் எழுத்துருவையும் நேரே பயன்படுத்த இடந்தந்தது. நமக்குத் திறந்த வாயில் அதுதான்.

தொடக்கக் கால லேடெக்கில் படம் வரைவது பெரும்பாடு. அதன் கோடுகள் குறிப்பிட்ட சில சாய்வுகளில் மட்டுமே செல்லும்; வட்டங்களும் சில அளவுகளில்தான் கிட்டும். அதைக்கொண்டு தேர் வரையலாம். பாம்பு வரைய இயலாது. இக்குறையை நீக்கியது ஜெர்மானிய அறிஞர் டில் டான்டௌ ஆக்கிய டிக்ஸ் என்னும் கட்டளைத் தொகுதி. ‘இப்புள்ளியில் தொடங்கு, இவ்விரு புள்ளிகளின் ஈர்ப்புக்கு வளைந்து கொடு, அப்புள்ளியில் முடி’ என்று கூறினால் வளைகோடு வந்துவிடும். பிரெஞ்சு நாட்டு ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியே என்பவர் காரின் உடல் வளைவுகளுக்காக 1960களில் பரப்பிய கணக்கு இது. காருக்குக் கண்ட வளைவு நம் நாகத்துக்கும் உதவுகிறது.

ஆனால் பாம்பின் ஒவ்வொரு வளைவுக்கும் எண்களைக் கையால் எழுதுவார் யார்? இங்கேதான் மாற்றும் கருவி வருகிறது. இங்க்ஸ்கேப் என்னும் இலவச வரைகருவியில் பாம்பைக் கண்ணால் பார்த்தே வரைகிறோம். அது எஸ்.வி.ஜி. என்னும் வடிவில் சேமிக்கப்படும். அக்கோப்பைப் படமாகத் திறவாது எழுத்தாகத் திறந்து பார்த்தால், அது முழுதும் சொற்களும் எண்களுமே என்பது புலனாகும். அச்சொற்களை டிக்ஸ் கட்டளைகளாக மொழிபெயர்க்கும் சிறு கருவிகளுள் ஒன்று எஸ்.வி.ஜி.-டூ-டிக்ஸ். இதற்குப் பொத்தான்களும் பட்டிகளும் தேவையில்லை. கருந்திரையில் கருவியின் பெயர், படக்கோப்பின் பெயர், விளையும் கோப்பின் பெயர் ஆகியவற்றை ஒரே வரியில் தட்டினால் போதும். முழு ஆவணமாக வேண்டுமா, படப்பகுதி மட்டும் போதுமா என்றும் அவ்வரியிலேயே குறிப்பிடலாம். நூலுக்கு நடுவே வைக்கப் படப்பகுதி மட்டும் போதும்.

எஸ்.வி.ஜி.யில் உயரம் மேலிருந்து கீழாக எண்ணப்படும். டிக்ஸில் கீழிருந்து மேலாக. இவ்வேறுபாட்டைக் கருவியே சரிசெய்துகொள்ளும். கையால் எண்களைப் பெயர்த்தெழுதுவோர்தாம் பாம்பைத் தலைகீழாகத் தொங்கவிடுவர்.

கருந்திரையைக் கண்டு தமிழாசிரியர்கள் அஞ்சுகின்றனர். அஞ்ச வேண்டுவதில்லை. எண்பது பந்தங்களை மாற்ற வேண்டின் எண்பது முறை சுட்டியைத் தட்டிக் களைப்பதினும், அவ்வொரு வரியைக் கோப்பின் பெயர் மட்டும் மாற்றி மீண்டும் மீண்டும் இயக்குவது எளிது. அதனினும் மேலானது, செய்த வழி எழுத்தில் நிற்பது. நாளை வேறொரு பதிப்பாசிரியர் அவ்வரியைப் பார்த்து அதே படத்தை அவ்வாறே பெறலாம்.

இனி எழுத்துக்கு வருவோம். படம் வரையும்போது அதனுள் எழுத்துகளை இடலாகாது. எழுத்து நிற்க வேண்டிய இடங்களில் சிறு வட்டங்களை மட்டும், படிக்கும் முறையிலேயே வரிசை எண்ணிட்டு, வைக்க வேண்டும். மாற்றிய கோப்பில் அவ்வட்டங்களின் இடங்கள் எண்களாகக் கிடைக்கும். ‘இவ்விடத்தில் இவ்வெழுத்தை வை’ என்னும் கட்டளைகளை அவற்றோடு நாம் சேர்க்கிறோம். எழுத்து நூலின் எழுத்துருவிலேயே அமையும். எழுத்துரு மாறின் அதுவும் உடன் மாறும்.

இங்கு ஒரு தமிழ்ச் சிக்கல் உண்டு. ‘கொ’ என்பது நமக்கு ஓரெழுத்து. ஒருங்குறிக் கணக்கில் அது ககரமும் உயிர்க்குறியும் ஆகிய இரு குறிகள். ஒரு பாட்டைக் கணினியிடம் கொடுத்து ‘எழுத்தெழுத்தாகப் பிரி’ என்றால், அறியாத நிரல் ககரத்தை ஒரு வட்டத்திலும் உயிர்க்குறியை அடுத்த வட்டத்திலும் வைத்துவிடும். தனித்து நிற்கும் உயிர்க்குறி, புள்ளிகளாலான வட்டம் ஒன்றைச் சுமந்துகொண்டு பரிதாபமாக நிற்கும். ஆகவே பிரிக்கும் வேலையைத் தமிழறிந்தவரே செய்ய வேண்டும். அன்றித் தொல்காப்பியர் எழுத்தென்று எதனைக் கருதினாரோ அதனை நிரலுக்குக் கற்பிக்க வேண்டும். புள்ளி பெற்ற மெய்க்கும் பல பந்தங்களில் தனி இடம் உண்டு. ஆண்டெல்லாம் பாடியவரின் கணக்கே நமக்குக் கணக்கு.

நான் இம்முறையைப் பரிந்துரைப்பதற்குத் தலையாய காரணம் அழகன்று, பாடத்தேர்வு. சந்தியெழுத்துக்கு ஒரு பெயரிட்டு, அஃது இன்ன எழுத்து என்பதைக் கோப்பில் ஒரே இடத்தில் மட்டும் வரையறுக்கிறோம். படத்திலும், கீழே நேர்வரியாக அச்சிடும் இரு வெண்பாக்களிலும் அப்பெயரையே இடுகிறோம். பின்னர் ஒருவர் முதல் வெண்பாவின் பொருள் சிறக்கும் என்று கருதி அவ்வெழுத்தை மாற்றினால், இரண்டாம் வெண்பாவிலும் அது மாறிவிடும். அங்கே சீர் கெட்டால் திருத்தம் தவறென்பது உடனே விளங்கும். நேர்வரிப் பதிப்பில் இத்தடை இல்லை. முதற்பாட்டில் ஒரு பாடமும் இரண்டாம் பாட்டில் வேறு பாடமுமாக அச்சிட்டுவிட்டு, இரண்டும் ஒரே சந்தியில் நிற்க வேண்டியவை என்பதையே மறந்துவிடலாம்.

ஏட்டுச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளி இராது. காலும் ரகரமும் ஒரே வடிவில் நிற்கும். எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் தோன்றா. சுவடியில் உள்ளது ‘கா’ என்பதா, ‘கர’ என்பதா என்னும் ஐயத்தை மற்ற நூல்களில் பொருளையும் யாப்பையும் கொண்டு தீர்க்கிறோம். பந்தத்திலோ மூன்றாவது சான்று ஒன்று இருக்கிறது. ‘கா’ ஆயின் ஒரு வட்டம். ‘கர’ ஆயின் இரண்டு. வட்டங்களையும் எழுத்துகளையும் எண்ணி ஒப்பிடக் கணினிக்குக் கணநேரம் போதும். சுழிகுளம் போல எட்டெட்டெழுத்தாக நான்கு வரியில் நின்று, நேரே படித்தாலும் சுழன்று உட்சென்று படித்தாலும் அதே பாட்டாக வருவனவற்றில் இச்சோதனை இன்னும் கூர்மையானது. ஓரெழுத்துப் பிழைத்தாலும் சுழி உடைந்துவிடும். மிறைக்கவி என்று ஒதுக்கிய அக்கட்டுப்பாடே பாடத்தைக் காக்கும் காவலாகவும் அமைந்திருப்பதைப் பதிப்பாசிரியர்கள் போதிய அளவு பயன்கொண்டிலர் என்பது என் துணிபு.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. மெல்லிய நிழல்கள், வண்ணம் படிப்படியாக மங்கும் பரப்புகள் ஆகியவற்றைக் கருவி செம்மையாக மாற்றுவதில்லை. பழம்படத்தை ஒளிவருடி, தானே கோடு காணும் நிரலிடம் கொடுத்தால், மைக்கசிவையும் தாளின் கறையையும் கூடக் கோடாக எண்ணி ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் கொட்டிவிடும். அக்கட்டளைகளை எம்மனிதரும் படிக்க இயலாது. பழம்படத்தை அடியில் வைத்து அதன்மேல் நாமே இருபது முப்பது புள்ளிகளில் பாம்பை வரைவதே நன்று. தேர்ச்சிற்பம் போல நுணுக்கம் மிக்க படமாயின் வேறு வழியை நாடலாம். படத்தைப் படமாகவே வைத்து எழுத்துகளை மட்டும் தனிக்கோப்பில் லேடெக்கிடம் ஒப்படைக்கும் வசதி இங்க்ஸ்கேப்பிலேயே இருக்கிறது. அதனையும் ஒருவரிக் கட்டளையால் இயக்கலாம்.

தீராத ஐயம் ஒன்றும் உண்டு. பந்தத்திலிருந்து எழுத்துகளைப் படியெடுத்தால், அவை கோப்பில் எழுதிய வரிசையிலேயே வெளிவரும். நாம் பாட்டின் வரிசையில் எழுதியிருப்பினும், சந்தியெழுத்து ஒருமுறையே இருப்பதால் இரண்டாம் வெண்பா சில எழுத்துகளை இழந்து நிற்கும். சந்தியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருமுறை அதே எழுத்தை அச்சிடலாம் என்பார் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கவிஞர் ஒன்றென்று வைத்ததை நாம் இரண்டாக்குதல் முறையன்று. பழம்பதிப்பாசிரியர்கள் செய்ததுபோலப் பந்தத்தின் கீழே பாட்டை நேர்வரியில் தருவதே தக்கது.

நிறைவாக ஒரு வேண்டுகோள். கல்லிடைக்குறிச்சியிலும் விக்கிரமசிங்கபுரத்திலும் ஆழ்வார்திருநகரியிலும் பழைய வீடுகளின் பரண்களில் பந்தங்கள் அடங்கிய நூல்களும் கைப்படிகளும் இருக்கக்கூடும். நூலைக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. படம் எடுத்து அனுப்பினால் போதும். எடுக்கும்போது பக்கத்தை இயன்றவரை தட்டையாக வைத்து, ஓரத்தில் ஓர் அளவுகோலையும் வைத்து, நேர் மேலிருந்து எடுத்தல் வேண்டும். பக்கவாட்டில் எடுத்தால் வட்டங்கள் முட்டையாகிவிடும். பந்தத்தின் அடியில் பாட்டு நேர்வரியில் இருப்பின் அப்பக்கத்தையும், நூலின் முகப்பையும், இருந்தால் பிழைதிருத்தப் பட்டியலையும் மறவாது சேர்த்து எடுங்கள். பாம்பு வரைவதை என் மாணவியர் பார்த்துக்கொள்வர். எழுத்தெண்ணுவதற்கு உங்களுள் யாப்பறிந்த பெரியோர் சிலர் எங்களோடு அமர வேண்டும்.